தண்டுவடக் காயம் தொடர்பான ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க நினைக்கிறோம், எங்கே கொடுத்தால் உருப்படியாக இருக்கும்?

பொருநை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரி செட்டில் ஒருவன் சில வருடங்களுக்கு முன் பைக் விபத்தில் முதுகில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லாமல் போய்விட்டான். டி12, அதாவது மார்புப் பகுதி முதுகெலும்பில் பன்னிரண்டாவது எலும்பு மட்டத்தில் காயம் என்று சொன்னார்கள். அப்போது ஆளாளுக்குப் போட்டுச் சேர்த்த பணத்தில் ஆஸ்பத்திரிச் செலவு, வீட்டு வாசலில் சாய்தளம், பாத்ரூம் கதவை அகலப்படுத்தியது, நல்ல வீல்சேர் எல்லாம் போக ஒரு பதினொரு லட்சம் மிச்சம் நிற்கிறது. ஆள் இப்போது வேலைக்கே போகிறான். "எனக்குப் போதும்டா, மிச்சத்தை இந்தப் பிரச்சினைக்கே ஏதாவது வழி பிறக்கிற மாதிரி பண்ணுங்க" என்கிறான். வெளிநாட்டில் இருக்கிற பசங்களும் வருடாவருடம் கொஞ்சம் போடத் தயாராக இருக்கிறார்கள்.

அதை எங்கே கொடுப்பது என்பதில்தான் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் சண்டை. ஒரு கோஷ்டி, ஸ்டெம் செல் ஊசி போடுகிற ஒரு சென்டர் இருக்கிறது, அங்கே "ஆராய்ச்சிப் பங்களிப்பு" என்று வாங்கிக்கொண்டு நம் ஆளுக்கே முதலில் சிகிச்சை கொடுப்பார்கள் என்கிறது. இன்னொரு கோஷ்டிக்கு, தண்டுவட ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கும் ஆஸ்திரியாவின் விங்ஸ் ஃபார் லைஃப் மாதிரி பெரிய அமைப்புக்கு அனுப்ப வேண்டும். மூன்றாவது கோஷ்டி, ஐஐடி மாதிரி இடத்தில் கருவி செய்கிறவர்களுக்குக் கொடு என்கிறது. எனக்குள்ள சந்தேகம் வேறு. ஆராய்ச்சி என்றாலே நூறு கோடி, இருநூறு கோடி என்கிறார்கள், அதில் நம் பதினொரு லட்சம் கடலில் கரைத்த பெருங்காயம்தானே? பேசாமல் நாலு பேருக்கு வீல்சேர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சக்கரக்கால் எழுதியது:

நான் டி10, கம்ப்ளீட், அதாவது காயத்துக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் முழுக்கப் போனவன். தென்னை மரத்திலிருந்து விழுந்தவன். அதனால் கொஞ்சம் காரமாகவே சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

முதல் கோஷ்டியை முதலில் அடக்கி வையுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதலில் தெளிவாக இருக்கிறது: சில ரத்த நோய்களுக்குச் செய்கிற மாற்று சிகிச்சை மாதிரி அங்கீகரிக்கப்பட்டவை தவிர மற்ற எதையும் சிகிச்சை என்று கொடுக்கக் கூடாது, முறையாக அனுமதி வாங்கிய பரிசோதனையில் மட்டும்தான் செய்யலாம், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. தண்டுவடக் காயம் அந்த அங்கீகரித்த பட்டியலில் இல்லை. ஆக, பணம் கொடு, ஊசி போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது ஆராய்ச்சியே இல்லை, வியாபாரம். உண்மையான பரிசோதனை என்றால் சிடிஆர்ஐ என்கிற அரசுப் பதிவேட்டில் இருக்கும், இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும். எனக்கு அடிபட்ட புதிதில் என் மாமா வயலை விற்று ஒரு இடத்தில் கட்டினார். எந்த இடம் என்று சொல்ல விரும்பவில்லை. ஒரு விரல்கூட அசையவில்லை, வயல் போனதுதான் மிச்சம்.

அப்புறம், ஆராய்ச்சி என்றாலே "திரும்ப நடக்க வைப்பது" என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். எங்களை யாராவது கேட்டார்களா? அமெரிக்காவில் கேட்டார்கள். 2004-இல் கிம் ஆண்டர்சன் என்கிற ஆராய்ச்சியாளர், அவரும் தண்டுவடம் அடிபட்டவர்தான், 681 பேரிடம் எது திரும்பி வந்தால் உங்கள் வாழ்க்கை மாறும் என்று கேட்டு வெளியிட்டார். கையும் காலும் போனவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் முதலில் கேட்டது கை. கால் மட்டும் போனவர்கள் முதலில் கேட்டது தாம்பத்தியம். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இரண்டு தரப்பிலும் மேலே இருந்தது. நடப்பது முதலிடத்தில் இல்லை.

எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொடியில் வந்து பாருங்கள். சோப்புப் போட்டுக் கழுவின கதீட்டர், அதாவது சிறுநீர் வெளியேற்றப் போடும் குழாய், நாலைந்து வரிசையாகக் காயும். ஒரு தடவை போட்டுத் தூக்கிப் போடுகிற வழுவழுப்பான ரகம் சந்தையில் இருக்கிறது, ஒரு நாளைக்கு ஐந்தாறு வேண்டும் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் கழுவிக் கழுவிப் போடுவோம், இன்ஃபெக்ஷன் வரும், காய்ச்சல் வரும், வேலை போகும். மூன்று சக்கர ஸ்கூட்டரின் சைலன்சரில் கால் ஒட்டிக்கொண்டு வெந்தது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தெரிந்தது. அந்தப் புண் ஆற மாதக்கணக்கு ஆனது. இதெல்லாம் ஆராய்ச்சி செய்ய வேண்டிய விஷயம் இல்லையா? உணர்ச்சி இல்லாத காலுக்கு ஒரு மலிவான உறை, இந்தப் புழுக்கத்திலும் வேர்த்து ஊறாத ஒரு குஷன், கழுவிப் போட்டாலும் கிருமி சேராத ஒரு கதீட்டர். இதற்கு யாரும் மேடை போட்டுச் செக் கொடுப்பதில்லை.

---

பட்டறை எழுதியது:

சக்கரக்கால் அண்ணா சொன்னதை ஒட்டி என் பக்கக் கதை. நான் மறுவாழ்வுக் கருவிகள் செய்கிற வேலையில் கொஞ்ச காலம் இருந்தவன், இப்போது வேறு துறை.

வெளியே இருப்பவர்கள் நினைப்பது, நல்ல யோசனை கிடைப்பதுதான் கஷ்டம் என்று. அது இல்லை. மாதிரிக் கருவி ஒன்றைச் செய்து காட்டுகிற வரைக்கும் பணம் எப்படியோ கிடைத்துவிடும். அரசு நிதி, போட்டிப் பரிசு, கல்லூரியின் சொந்தப் பணம் என்று ஏதாவது ஒன்று. அதற்கப்புறம்தான் பள்ளம். அந்த மாதிரியை இருபது முப்பது பேரிடம் கொடுத்து ஆறு மாதம், ஒரு வருடம் உபயோகிக்க விட்டு, உடைவதைச் சரி செய்து, டிசைனை மாற்றி, தயாரிப்புக்கான அச்சு (டை) செய்து, தரச்சான்று வாங்கி, விற்கிற கம்பெனி ஒன்றைப் பிடிக்கிற வரைக்கும் ஆகிற செலவு யார் கணக்கிலும் வராது. பேப்பர் வந்துவிட்டது, ப்ராஜெக்ட் முடிந்தது, சம்பளத்துக்கு வழியில்லாமல் அதைச் செய்த பையன் ஐடி கம்பெனிக்குப் போய்விடுவான். கருவி அலமாரிக்குப் போய்விடும்.

இந்தப் பள்ளத்தைத் தாண்டியதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் டிடிகே மறுவாழ்வு ஆராய்ச்சி மையம், அரைஸ் என்று ஒரு வீல்சேர் செய்தது. உட்கார்ந்திருப்பவர் தன் கை பலத்தாலேயே எழுந்து நிற்கும் நிலைக்கு வரலாம், மோட்டார் கிடையாது. நிற்பது என்பது ஆசைக்காக இல்லை, ரத்த ஓட்டம், எலும்பு, வயிறு, படுக்கைப்புண் எல்லாவற்றுக்கும் அது நல்லது. 2019-இல் வெளிவந்தபோது விலை சுமார் 15,000 ரூபாய் என்றார்கள், வெளிநாட்டில் நிற்கவைக்கும் வீல்சேர் லட்சங்களில் போகும். அது நடந்ததற்குக் காரணம் மூளை மட்டும் இல்லை. இங்கிலாந்தின் வெல்கம் டிரஸ்ட் பணம் போட்டது, சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிக்க முன்வந்தது. பணம் போடுகிறவர், தயாரிக்கிறவர், ஆராய்கிறவர் மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்தார்கள். அதே மையத்திலிருந்து கிளம்பிய நியோமோஷன் கம்பெனியின் நியோஃபிளை 39,900-க்கும், அதில் மாட்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் ரோட்டில் போகிற நியோபோல்ட் 55,000-க்கும் 2021-இல் வந்தன.

வீல்சேர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டீர்கள். தயவுசெய்து மொத்தமாக ஒரே அளவில் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஐந்தடி ஆளுக்கும் ஆறடி ஆளுக்கும் ஒரே நாற்காலி, போட்டோ முடிந்ததும் அது வீட்டில் துணி போடுகிற இடமாகிவிடும். சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று செலவழிக்கும் பணத்தில் பாதி இப்படித்தான் போகிறது என்று எனக்குத் தோன்றும். சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் செலவழித்தாக வேண்டும், மார்ச் நெருங்கும்போது எதையாவது வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடிக்கிறார்கள். இத்தனைக்கும் அதே கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் ஐஐடி, அரசுப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களின் ஆராய்ச்சிக்கும் கொடுக்கலாம் என்று இருக்கிறது. ஆராய்ச்சிக்கு ரிப்பனும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை, அதுதான் சிக்கல்.

ஆகவே பதினொரு லட்சத்தால் புதுக் கருவி ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் செய்து முடித்த ஒரு கருவியை இருபது பேர் வீட்டில் ஒரு வருடம் ஓட்டிப் பார்க்கிற செலவுக்கு அது தாராளமாகக் காணும். அந்தக் கட்டத்துக்குத்தான் யாரும் கொடுப்பதில்லை.

---

எலிக்கூண்டு எழுதியது:

கொஞ்சம் எதிர்க்கருத்து. நான் நரம்பியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், பெயருக்கேற்ற பிழைப்புதான்.

"நடக்க வைக்கிற ஆராய்ச்சி வீண், குஷன் செய்" என்கிற பேச்சு கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் பாதி உண்மைதான். அண்ணன் மேற்கோள் காட்டிய அதே கணக்கெடுப்பில் கை வேண்டும் என்று கேட்டார்களே, அதற்கு என்ன வந்தது என்று பாருங்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் கூர்ட்டீன், பிளாக் இருவரும் தொடங்கிய கம்பெனியின் ஆர்க்-இஎக்ஸ் கருவி, கழுத்தின் தோலுக்கு மேலிருந்தே தண்டுவடத்துக்கு மின்தூண்டல் கொடுக்கிறது, அறுவை சிகிச்சை கிடையாது. 60 பேரிடம் செய்த பரிசோதனை 2024-இல் நேச்சர் மெடிசின் என்கிற ஆய்விதழில் வந்தது, 72 சதவீதம் பேருக்குக் கைப் பலமும் செயல்பாடும் கூடியது. அந்த வருட டிசம்பரிலேயே மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி கொடுக்கும் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதித்தது. இதற்கு அடிப்படை எங்கே இருக்கிறது? தண்டுவடம் துண்டித்த பூனை ட்ரெட்மில்லில் எப்படிக் கால் எடுத்து வைக்கிறது என்று பல பத்தாண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வேலையில். பூனை நடையைப் பார்க்க யார் சார் சிஎஸ்ஆர் கொடுப்பார்கள்?

தனியார் முதலீட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெரான் கதை போதும். கருவின் ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய செல்களைத் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குச் செலுத்தும் உலகின் முதல் பரிசோதனையை 2010-இல் அமெரிக்காவில் அந்தக் கம்பெனி ஆரம்பித்தது. 2011 நவம்பரில் நிறுத்திவிட்டது. பாதுகாப்புப் பிரச்சினை எதுவும் இல்லை, பணம்தான், புற்றுநோய் மருந்து பக்கம் போகிறோம் என்றார்கள். அந்த வேலை திரும்ப உயிர் பெற்றது கலிபோர்னியா மக்களின் பணத்தில். 2004-இல் ஓட்டுப் போட்டு 300 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட ஒப்புக்கொண்டு ஒரு ஸ்டெம் செல் நிறுவனத்தையே அவர்கள் உண்டாக்கியிருந்தார்கள், அது 2014-இல் 1.43 கோடி டாலர் கொடுத்து அந்தப் பரிசோதனையைத் தொடர வைத்தது.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. நியூஜெர்சியில் ஒவ்வொரு போக்குவரத்து அபராதத்தோடும் 1 டாலர் சேர்த்து வாங்கி, அதைத் தண்டுவட ஆராய்ச்சிக்கென்றே வைத்திருக்கிறார்கள், 1999-இலிருந்து. நியூயார்க், கென்டக்கியிலும் இதே மாதிரி உண்டு. இங்கே ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாய் பிடிக்கிறார்கள். அதில் பத்து ரூபாயை ஒதுக்கினால்கூட எவ்வளவு வரும் என்று யோசியுங்கள். அடிபட்ட முதல் 48 மணி நேரத்துக்கு "இன்னுயிர் காப்போம்" திட்டம் இருக்கிறது, நல்ல திட்டம், நிறைய உயிரைக் காப்பாற்றுகிறது. 49-ஆவது மணி நேரத்திலிருந்து அடுத்த நாற்பது வருடத்துக்கு ஆராய்ச்சி நிதி என்று தனியாக எதுவும் என் கண்ணில் படவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 28-ஆவது பிரிவு, அரசு இதற்கெல்லாம் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறது. உங்கள் குரூப்பில் வக்கீல் யாராவது இருந்தால் அந்த வழியில் போகலாம்.

விங்ஸ் ஃபார் லைஃப் பற்றி: நல்ல அமைப்புதான், நிர்வாகச் செலவை ரெட் புல் என்கிற பானக் கம்பெனி பார்த்துக்கொள்வதால் கொடுக்கிற பணம் முழுக்க ஆராய்ச்சிக்கே போகிறது. ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்பினால் இங்கே 80ஜி என்கிற வருமான வரிச் சலுகை கிடைக்காது.

---

சக்கரக்கால் எழுதியது:

எலிக்கூண்டு தம்பி, பூனையைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாருங்கள். ஆனால் அந்த ஆர்க்-இஎக்ஸ் யாருக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கழுத்தில் அடிபட்டு, தண்டுவடம் முழுக்க அறுந்துபோகாமல் கொஞ்சம் தொடர்பு மிச்சம் இருப்பவர்களுக்கு. எனக்கும் ஆகாது, பொருநையின் நண்பருக்கும் ஆகாது. அதுவும் கருவியை மாட்டினால் மட்டும் போதாது, கூடவே மாதக்கணக்கில் கைப்பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும். எங்கள் தாலுகாவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரைக் காட்டுங்கள், அப்புறம் கருவியைப் பற்றிப் பேசுவோம். அபராதத்தில் பத்து ரூபாய் யோசனைக்கு மட்டும் என் ஓட்டு உண்டு, மனு எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன்.

---

மூங்கில்காடு எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட், தென் மாவட்டம் ஒன்றில் மறுவாழ்வு மையத்தில் இருக்கிறேன்.

இரண்டு பேரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தத் துறையில் மிகப் பெரிய மாற்றங்கள் சில ஏறத்தாழ சும்மாவே வந்தவை. இரண்டாம் உலகப்போர் வரைக்கும் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய் என்றால் படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் சீக்கிரமே செத்துப்போவார் என்றுதான் வைத்திருந்தார்கள். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் லுட்விக் குட்மன் என்கிற டாக்டர் இரவு பகலாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்பிப் போட வைத்தார், விளையாட வைத்தார், வேலைக்கு அனுப்பினார். 1972-இல் அமெரிக்காவில் ஜாக் லாபிடஸ், கதீட்டர் கிருமியே இல்லாமல் இருக்க வேண்டியதில்லை, சுத்தமாக இருந்து நேரத்துக்குப் போட்டாலே போதும் என்று காட்டினார். அதற்கப்புறம்தான் நோயாளி தன் வீட்டிலேயே தானே போட்டுக்கொள்வது பரவலானது. சக்கரக்கால் சார் கொடியில் காய்கிற கதீட்டர் அந்த ஆராய்ச்சியின் வாரிசுதான்.

இங்கே நமக்குத் தெரியாதது என்ன என்றால், டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்பது. இரண்டு மாதம் உட்காரவும் நாற்காலிக்கு மாறவும் கற்றுக்கொடுத்து அனுப்புகிறோம். ஒரு வருடம் கழித்து போன் பண்ணினால் எண் மாறியிருக்கும், அல்லது வீட்டில் வேறு யாராவது எடுத்து, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பார்கள். எதனால் என்று கேட்டால், புண்ணு பெருசாயிருச்சு. இதை ஒழுங்காக எழுதி வைத்தாலே எந்தப் புண் எந்த மாதத்தில், எந்த வீட்டில் வருகிறது என்று தெரியும், அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று சோதித்துப் பார்க்கலாம். ஒரு களப்பணியாளர், ஒரு ஸ்கூட்டர், புண்ணை அளக்க ஒரு ஸ்கேல், ஒரு போன். பதினொரு லட்சத்தில் ஒன்றரை வருடமாவது ஓட்டலாம். அந்தக் களப்பணியாளர் தண்டுவடம் அடிபட்டவராகவே இருந்தால் இன்னும் நல்லது, நாங்கள் அரை மணி நேரம் பேசி வராத நம்பிக்கை அவர் வாசலில் வந்து நின்றாலே வந்துவிடும்.

வேலூர் சிஎம்சியில் இதன் அருமை ரொம்ப நாளாகவே தெரியும். அங்கே மறுவாழ்வுத் துறையை வளர்த்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் வந்தது. பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பரிசோதிக்கும் மேளாவும் நடத்துகிறார்கள். உங்களுக்குப் பக்கத்தில் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் இருக்கிறது, கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981-இல் ஆரம்பித்தது. கொடுக்கிறீர்களோ இல்லையோ, ஒரு நாள் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

---

பொருநை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குரூப்பில் இந்த இழையைப் போட்டேன். ஸ்டெம் செல் கோஷ்டி பதிவு எண் கேட்டுப் போன் பண்ணியிருக்கிறது, "டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்றவர்கள் அப்புறம் போனையே எடுக்கவில்லை. அந்தக் கதை முடிந்தது.

எங்கள் ஆளிடம் விஷயத்தைச் சொன்னேன். களப்பணியாளர் யோசனை அவனுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதோடு பட்டறை சொன்ன மாதிரி ஏதாவது ஒரு பொருளையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்கிறான், குஷன் என்றால் அவனே முதல் ஆளாக உட்காரத் தயாராம். ஒரே பணத்தில் இரண்டும் முடியுமா? கொடுத்த பிறகு நாங்கள் என்ன கேட்கலாம், எதைக் கேட்டால் தொந்தரவு?

---

பட்டறை எழுதியது:

முடியும். களப்பணியாளர் எப்படியும் வீடு வீடாகப் போகப் போகிறார், பாதிப்பேருக்குப் புதுக் குஷன், பாதிப்பேருக்குப் பழையது என்று வைத்துப் புண் கணக்கை எடுத்தால் ஆராய்ச்சியாகவே ஆகிவிடும். அதற்கு அந்த மையத்தின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், சிடிஆர்ஐ-யிலும் பதிய வேண்டும், சில மாதம் இழுக்கும். மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள், அனுமதி வந்ததும் ஒரு பங்கு, முதல் ஆறு மாத விவரம் வந்ததும் ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுங்கள். செலவுக் கணக்கும், எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்பதும் கேட்கலாம், அது உங்கள் உரிமை. மாதாமாதம் போட்டோவும் வீடியோவும் கேட்பதுதான் தொந்தரவு. ரிப்பேருக்கென்று ஒரு லட்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான். குஷன் உறை தைக்க உள்ளூர் டெய்லர் ஒருவரை இப்போதே பிடித்துவிடுங்கள். 80ஜி ரசீது கேட்டு வாங்குங்கள், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அது பிரயோஜனப்படும். மார்ச் கடைசி வாரத்தில் மட்டும் போய் நிற்காதீர்கள், அப்போது எந்த அலுவலகத்திலும் உங்களோடு உட்கார்ந்து பேச ஆள் இருக்காது.

---

சக்கரக்கால் எழுதியது:

குஷனுக்கு ஆள் சேர்க்கும்போது சொல்லுங்கள். என்னையும் இன்னும் நாலைந்து பேரையும் எழுதிக்கொள்ளலாம். ஏப்ரல், மே மாதத்தில் ஆரம்பியுங்கள், வேர்வையில் தாங்காத குஷன் மற்ற மாதத்தில் தாங்கி என்ன பிரயோஜனம்.